கேட்டு வாங்கிய துணி

என் கையெழுத்துக்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். எந்த இடத்தில் எந்த லகரம், எந்த றகரம் என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஊரில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு கப்பலேறிப் பேராக்குக்கு வந்துவிட்டேன். பால்வெட்டுக் கத்தியும் ஊசியும் பிடித்த கை இது, பேனாவுக்குப் பழகவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல முடிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

என் எதிரில் ஒரு சிறு சட்டைக்கான துணி வெட்டியபடி கிடக்கிறது. தீபாவளி நெருங்கிவிட்டது. பையனுக்கு ஐந்து வயது முடிகிறது. இதுதான் அவனுக்கு முதல் புதுத்துணி. இதில் ஊசி வைக்கக் கூடாது என்று என் மனைவி நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கான காரணம் அவன் பிறந்த வருஷத்தில் இருக்கிறது.

எங்கள் தோட்டம் ஈப்போவிலிருந்து ஜெலாப்பாங் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. நான் அங்கே கித்தா மரத்தில், அதுதான் ரப்பர், பால் வெட்டுகிறவன். அதற்கு முன் ஈப்போவில் ஒரு தையற்கடையில் கொஞ்ச நாள் காஜா எடுத்தேன், ஓரம் மடித்தேன். வாடிக்கைக்காரர் ஏதாவது கேட்டால் பதில் சொல்லாமல் நிற்பேன். கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். ஊசி மட்டும் என்னோடு தோட்டத்துக்கு வந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் இன்றைக்கு வெட்டு இல்லை என்று சொல்லிவிட்டால், வீட்டு முன் அஞ்சடித் திண்ணையில் சாக்கை விரித்து உட்காருவேன். எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் ரவிக்கைத் துணியையும் பிள்ளைகளின் பாவாடைத் துணியையும் கொண்டுவந்து போடுவார்கள். மிஷின் கிடையாது, எல்லாம் கைத்தையல்தான். அவர்கள் பேசுவார்கள், நான் தலை குனிந்து தைப்பேன். "அண்ணன் அவரு வாயிலேயும் ரெண்டு தையல் போட்டுக்கிட்டாரு" என்று ஒருத்தி சொல்ல மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். கூலியாக ஒரு தேங்காயோ கருவாடோ கிடைக்கும்.

பையன் பிறந்தது கித்தா விலை விழுந்த வருஷம். துரை பாதி மரங்களை வெட்டாமல் போடச் சொல்லிவிட்டார். லயத்தில் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. மீதி இருந்தவர்களுக்கும், வேலையை விட்டு நிறுத்தும் பட்டியலில் அடுத்த பெயர் யாருடையது என்ற பயம். அந்தத் தீபாவளிக்கு யாரும் புதுத்துணி எடுக்கவில்லை. வேட்டியின் கிழியாத பாதியில் மகனுக்குச் சட்டை, சேலையின் முந்தானையில் மகளுக்குப் பாவாடை என்று தைக்கச் சொல்லிக் கொண்டுவந்தார்கள். பழசைத் திருப்பிப் போட்டுப் பெற்றவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த தீபாவளிப் பரிசு அது. சாயம் போகாத பக்கம் வெளியே தெரியும்படி தைத்துக் கொடுத்தேன்.

அப்போது என் மனைவி நிறைமாதம். அதற்கு முன் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. ஒன்றுக்குப் பல் முளைக்கவில்லை, மற்றது குப்புறக்கூட விழவில்லை. இரண்டுக்கும் பிறக்கும் முன்பே நான் சட்டை தைத்து வைத்திருந்தேன். அந்தச் சட்டைகளைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் மூன்றாவது தரித்தபோது என் ஊசிப்பெட்டியை எடுத்து அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டாள். லயத்துத் துணி வந்தால் அங்கே போய் வாங்கித் தைத்துவிட்டுத் திருப்பி வைக்க வேண்டும்.

ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் எங்கள் லயத்தில் பிரசவமும் பார்ப்பாள். வாய் பெரிது, கையும் பெரிது. அவள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"இந்தப் புள்ளைக்கு நீங்க ரெண்டு பேரும் எதுவும் செய்யக் கூடாது. இது பிச்சையா வந்த புள்ளைன்னு இருக்கணும். புள்ளைங்க நல்லா வளர்ற வீடாப் பாத்து பழந்துணி கேட்டு வாங்கு. பொறந்ததும் அதத் தச்சுப் போர்த்து. அப்பன் வாயால கேக்கணும், தெரியுதா? தலைய ஆட்டிக்கிட்டு நின்னா எவளும் போட மாட்டா."

ஊர்ப்பக்கம் தங்காத பிள்ளைக்கு இப்படிச் செய்வார்கள் என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத எதுவோ, இது நமக்கு வேண்டாத பிள்ளை, யாரோ போட்ட துணியில் கிடக்கிறது என்று விட்டுவிட்டுப் போய்விடுமாம். என் மனைவி அதை முழுக்க நம்பினாள். நான் நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. அவள் நிம்மதியாகத் தூங்கி மாதக்கணக்காகியிருந்தது.

எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அதனால் ஒரு வழி செய்தேன். அந்தத் தீபாவளிக்குத் தைத்துக் கொடுத்த வீடுகளில் தேங்காய் வேண்டாம், வெட்டி மிஞ்சின துண்டு போதும் என்றேன். இல்லாத காலத்தில் அவர்களுக்கு அது சந்தோஷம்தான். ஒரு மூட்டை சேர்ந்தது. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் பிரித்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தாள்.

"கேட்டியா?"

"தச்சதுக்குக் குடுத்தாங்க."

"அப்ப இது கூலி" என்று மூட்டையைத் திரும்பக் கட்டினாள். "கூலிக்கு வந்த புள்ள கூலி முடிஞ்சதும் கெளம்பிடும்லா. நம்மளப் பாத்தாத் தெரியல?"

அந்த மூட்டை கொட்டகையில் தரை துடைக்கப் போனது.

மறுநாள் வேலை முடிந்ததும் கேட்கக் கிளம்பினேன். முதல் வீட்டில் சுருட்டுக்கு நெருப்புக் கேட்டேன். அடுத்த வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். அதற்கடுத்த வீட்டிலும் தண்ணீர்தான். அந்த வீட்டுக்காரர் உள்ளே பார்த்து, "மச்சானுக்கு இன்னிக்கு என்னமோ அடங்காத தாகம்" என்றார். வயிறு நிறைந்ததுதான் மிச்சம். திரும்பி வந்தபோது என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். என் வெறுங்கையைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அப்படியே எங்கள் அடுத்த வீட்டு வாசலுக்குப் போனேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே பலகைத் தடுப்புத்தான், அதுவும் கூரைவரை போகாது. எங்கள் வீட்டில் பேசுவதெல்லாம் அவர்களுக்குக் கேட்கும். அந்த வீட்டுப் பெண் என்னைவிட வயதில் மிகவும் சின்னவள். அவளுக்கு ஒரே மகள், நான்கு வயதிருக்கும், ஒரு தும்மல்கூட அறியாத பிள்ளை. அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, பொறக்கப் போற புள்ளைக்குப் பிச்சை போடும்மா" என்றேன். இவ்வளவு நேரம் அடக்கி வைத்ததாலோ என்னவோ, லயம் முழுக்கக் கேட்கும்படி வந்தது. எங்கோ ஒரு நாய் குரைத்தது.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, தன் மகளைத்தான் பார்த்தாள். நன்றாக வளரும் பிள்ளையின் துணியைக் கொடுத்தால் அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டமும் கூடப் போகும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது எனக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவள் உள்ளே போய் ஒரு பாவாடையைக் கொண்டுவந்தாள். சிவப்புக் கரை வைத்து முந்தின தீபாவளிக்கு நானே தைத்துக் கொடுத்தது.

"இந்தத் தீபாவளிக்கும் இவளுக்கு இதுதான்னு வச்சிருந்தேன்" என்றாள். "பரவாயில்லண்ணே, எடுத்துக்குங்க."

அதற்குப் பிறகு மற்ற வீடுகளில் கேட்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. என் குரல் எல்லோருக்கும் எட்டியிருந்தது. சிலர் நான் வாசலுக்கு வரும் முன்பே துணியோடு நின்றார்கள். அக்கா பார்த்து, "இதுதான் பிச்சை" என்றாள்.

ஆனால் அந்தச் சிறுமி தீபாவளிக்கு எதை உடுத்துவாள் என்பது என் மனதை விட்டுப் போகவில்லை. ஈப்போவுக்குப் போய்வர என்னிடம் ஒரு நல்ல வேட்டி இருந்தது. அதை வெட்டினேன். அகலக் கொசுவம் வைத்து, வளர்ந்தால் இறக்கிக்கொள்ள உள்ளே மடிப்பு விட்டு, ஒரு பாவாடை தைத்தேன். கிழிசல் கரைகளிலிருந்து உருவின பச்சை, சிவப்பு நூலால் கீழ் ஓரத்தில் கிளிகள் போட்டேன். கிளிக்கு மூக்கை வளைப்பது சிரமம், ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துப் போட்டேன். என் வாழ்நாளில் யாரும் கேட்காமல் நானாகத் தைத்துக் கொடுத்த தீபாவளிப் பரிசு அது ஒன்றுதான். தீபாவளிக்கு முந்தின நாள் என் மனைவிக்கு வலி கண்டு அக்கா வந்துவிட்டாள். ஆண்களுக்கு உள்ளே வேலை இல்லை. அப்போதுதான் அந்தப் பாவாடையை அடுத்த வீட்டில் கொடுத்தேன். அந்தத் தாய் கிளிகளைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள்.

தீபாவளிக் காலையில், லயத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நேரத்தில், பையன் பிறந்தான். அழுகை கேட்ட பிறகுதான் பிச்சைத் துணியில் ஊசி வைத்தேன். எல்லா வீட்டுத் துண்டுகளையும் சேர்த்துச் சின்னப் போர்வையாகத் தைத்து, அந்தச் சிவப்புக் கரைப் பாவாடைத் துண்டை நடுவில் வைத்தேன். அவன் அதில் நன்றாகத் தூங்கினான்.

பிள்ளையைப் பார்க்க அடுத்த வீட்டுச் சிறுமி கிளிப் பாவாடையோடு வந்தாள். என் மனைவி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு ஓரத்தைத் திருப்பி உள்தையலைப் பார்த்தாள். என் தையல் அவளுக்குத் தெரியாதா. அந்தப் பிள்ளை போன பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மாத்திக்கிட்டீங்களா?"

எதை என்று கேட்டேன்.

"அவ ஒரு பாவாடை குடுத்தா, நீங்க ஒரு பாவாடை குடுத்தீங்க. இதுல பிச்சை எங்க இருக்கு?"

போர்வையைப் பிள்ளைமேலிருந்து எடுத்து மடித்து மூலையில் வைத்தாள். தன் பழைய சேலையில் அவனைச் சுற்றிக்கொண்டாள். அதன் பிறகு அவன் தும்மினாலும் என்னைத்தான் பார்ப்பாள். நான் பிள்ளையைத் தூக்கக்கூடத் தயங்கினேன்.

கார்த்திகையில் அந்தச் சிறுமிக்குக் காய்ச்சல் வந்தது. நடுக்கி நடுக்கி எடுத்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் கொயினா மருந்து கொடுத்தார். விட்டதுபோல் விட்டு மறுபடி வரும். பலகைக்கு அந்தப் பக்கம் அவள் முனகுவதும் இந்தப் பக்கம் எங்கள் பையன் பால் குடிப்பதும் ஒன்றாகக் கேட்கும். என் மனைவி அவன் வாயைப் பொத்தாத குறையாக வைத்திருந்தாள். நல்லபடி இருப்பது அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதாம்.

ஒரு மத்தியானம் அந்தப் பெண் எங்கள் வாசலுக்கு வந்தாள். கையில் கிளிப் பாவாடை. அதை நிலைப்படியில் வைத்தாள்.

"அண்ணே, எனக்கு இது வேணாம். எம் மக துணியத் திருப்பிக் குடுத்துடுங்க. அது இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து அவளுக்கு நல்லால்ல."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் பிள்ளையோடு எழுந்து வந்து நடுவில் நின்றாள். திருப்பிக் கொடுத்தால் எங்கள் பிள்ளைக்கு என்ன ஆகுமோ, கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. இரண்டையும் அவள் நினைத்திருப்பாள்.

பிறகு என் மனைவி சொன்னாள்: "திருப்பிக் குடுன்னு கேக்காதீங்க. திருப்பிக் குடுத்தா ரெண்டு புள்ளைக்கும் ஒண்ணும் இல்லாமப் போயிடும். நீங்களும் பிச்சைன்னு கேளுங்க. நான் போடுறேன்."

அந்தப் பெண்ணுக்குப் புரிய நேரம் பிடித்தது. பிறகு முந்தானையை இரண்டு கையாலும் விரித்தாள். "எம் புள்ளைக்குப் பிச்சை போடு" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

போர்வையை எடுத்து வந்து அங்கேயே உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். பின்னித் தைத்திருந்தேன், லேசில் வரவில்லை. இழுத்ததில் ஒரு மூலை கிழிந்தது. நடுத் துண்டை என் மனைவி வாங்கி, பையனைச் சுற்றியிருந்த தன் சேலையிலிருந்தும் ஒரு முழம் கிழித்து, இரண்டையும் சேர்த்து அந்த முந்தானையில் போட்டாள். போட்டுவிட்டுப் பிள்ளையை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றெல்லாம் அவனைக் கீழே விடவில்லை.

அக்கா அந்தத் துண்டைச் சிறுமியின் கையில் கட்டிவிட்டாள். காய்ச்சல் மெள்ள இறங்கியது. துணியால் இறங்கியதா, கொயினாவால் இறங்கியதா என்று நான் யாரோடும் வாதாட மாட்டேன். முழுக்க இறங்கியதா என்பதே எனக்குத் தெரியாது. அதற்குள் பட்டியலில் அடுத்த வீட்டுக்காரரின் பெயர் வந்துவிட்டது. தை பிறக்கும் முன் அவர்களை நிறுத்திவிட்டார்கள். ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் தென்னந்தோட்டத்தில் சொந்தக்காரர் இருக்கிறார் என்று கிளம்பினார்கள். சிறுமி அப்பன் தோளில் சாய்ந்து கிடந்தாள். கையில் அந்தச் சிவப்புக் கரை. உடம்பு பாதியாகியிருந்தது. அந்தப் பெண் வண்டியில் ஏறும்போது என் மனைவியிடம், "உங்க புள்ளையப் பாத்துக்குங்க" என்றாள். கிளிப் பாவாடை எங்கள் நிலைப்படியிலிருந்து பரணுக்குப் போய்விட்டது. அதைத் தொட யாருக்கும் மனமில்லை.

அன்று என் மனைவி ஒரு தீர்மானம் செய்தாள். அந்தப் பெண் பிள்ளை பிழைத்திருக்கிறாள் என்று காதால் கேட்கும்வரை எங்கள் பையன் உடம்பில் புதுத்துணி ஏறக் கூடாது. "நம்ம போட்டது அவளுக்குப் பலிச்சிருந்தா, அவங்க போட்டது நம்மளுக்கும் பலிக்கும்" என்றாள். அந்த ஊருக்கு வழியான தெலுக் ஆன்சன் பக்கமிருந்து யார் வந்தாலும் விசாரிப்பாள். யாருக்கும் தெரியவில்லை.

அதனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் கேட்டு வாங்கினேன். வாய் திறக்காதவன் என்று பெயரெடுத்த நான் வருஷத்துக்கு ஒருமுறை லயம் முழுக்கக் கூவினேன். அப்படி வாங்கினதைத் தைத்துத்தான் அவன் உடுத்தினான். நடுவில் ஓட்டை விழுந்த போர்வையில்தான் இன்னும் படுக்கிறான்.

இந்த வருஷம் கித்தா விலை நன்றாக இருக்கிறது. லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே பூப்போட்ட துணி எடுத்திருக்கிறார்கள். தைப்பதற்கு என்னிடம்தான் வந்து குவிந்தது. பையன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டையும் யாருக்கென்று கேட்டான். எல்லாம் தைத்து முடியும் வரை பொறுத்திருந்து, "எனக்கு எந்த வீட்டுது?" என்றான். மற்றப் பிள்ளைகள் அவனைப் பிச்சைக்காரன் என்று கூப்பிடுகிறார்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஈப்போவுக்குப் போய் அதே துணியை வாங்கிவந்து வெட்டினேன். என் மனைவி ஊசிப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் முதல் தடவையாக அவளிடம் சத்தம் போட்டேன். அவள் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. "அந்தப் புள்ள இருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அதனால் தெலுக் ஆன்சன்வரை ரயிலில் போய், அங்கிருந்து ஹுத்தான் மெலிந்தாங் போனேன். ஒவ்வொரு தென்னந்தோட்டமாக நுழைந்து முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டேன். பழந்துணி கேட்டுப் பழகின வாய் அங்கே உதவியது. கடைசியில் கொப்பரைக் கொட்டகையில் ஒரு பெண் கத்தியை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"கையில செவப்புத் துணி கட்டியிருக்குமே, அந்தப் பொண்ணா? ஒல்லியா இருக்கும். கொஞ்சம் காது மந்தம், கூப்பிட்டாத் திரும்பாது. போன வருஷம் வரைக்கும் இங்கதான் இருந்தாங்கலா. இப்ப எங்க போனாங்கன்னு தெரியாதுண்ணே."

காது மந்தம் என்ற சொல்லை வழியெல்லாம் சுமந்துகொண்டு வந்தேன். அந்தப் பிள்ளைக்கு முன்பு நல்ல காது. பலகைக்கு அந்தப் பக்கமிருந்து எங்கள் பேச்சைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டும். மனைவியிடம் அதை மறைத்துவிடலாமா என்று நினைத்தேன். மறைக்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொன்னேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு பரணிலிருந்து கிளிப் பாவாடையை எடுத்துத் தூசி தட்டினாள். "ஓட்டையில இத வச்சுத் தைங்க" என்று போர்வையோடு சேர்த்து என் முன்னால் போட்டாள். ஊசிப்பெட்டியையும் வைத்தாள். "அது முடிஞ்சப்புறம் சட்டையத் தைங்க. உள்பக்கம் ஒரு பழந்துண்டு வச்சுத் தைங்க. வெளிய தெரிய வேணாம்."

போர்வையை இன்று மத்தியானம் முடித்தேன். கிளிகள் நடுவில் இருக்கின்றன, ஒன்றின் மூக்கைப் பூச்சி அரித்துவிட்டது. நாளை சட்டையைத் தொடங்க வேண்டும். உள்ளே வைக்க என் மனைவியின் அந்தப் பழைய சேலையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்தப் பெண் பிள்ளைக்கு இந்தத் தீபாவளிக்கு யார் தைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அட்சய வருஷம், ஐப்பசி மாதம் 11ஆம் தேதி.